இரண்டாம் முறை சொல்லாதவர்

டீக்கடையில் அவர் "சக்கரை வேணாம்" என்று ஒரு தடவை சொல்வார். மாஸ்டர் காதில் விழுந்ததா என்று பார்க்கமாட்டார். காலை ஏழரை மணிக்கு முடிச்சூர் சாலையில் எந்த டீ மாஸ்டருக்கு எது காதில் விழும்? பாதி நாள் சர்க்கரை போட்ட டீதான் வரும். ஒரு வாய் உறிஞ்சியதும் அவருக்குத் தெரிந்துவிடும். கிளாஸை அப்படியே பெஞ்சு ஓரத்தில் வைப்பார், காசைக் கொடுப்பார், எதிரில் இருக்கும் தன் ஷெட்டுக்கு நடந்துவிடுவார். முகத்தில் கோபம் இருக்காது. ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை.

"மாத்திக் கேட்டா குடுப்பாரு பாய்."

"அதான் சொல்ட்டேனே சார்" என்றார்.

எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். நான்கு வருடப் பழக்கத்தில் அவருடைய பெயரை நான் கேட்டதே இல்லை. அதற்காக இப்போது வருத்தப்படலாம்தான். ஆனால் வருத்தப்பட வேறு பெரிய விஷயம் இருக்கும்போது இதற்கெல்லாம் முறை வருவதில்லை.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில், ஒரு பிளைவுட் கடைக்கும் ஒரு கல்யாண ஹாலுக்கும் நடுவே தகர ஷெட். போர்டு கிடையாது. ஜீப் வகை வண்டிகளைத் தூக்கித் தருவது அவர் தொழில். அதாவது ஸ்பிரிங்கை மாற்றியோ, ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்தோ வண்டியின் உயரத்தைக் கூட்டுவது. லிஃப்ட் என்போம். ஒன்றரை இன்ச் தூக்கலாம், இரண்டு, மூன்று, ஆசை இருந்தால் அதற்கு மேலும் தூக்கலாம். பள்ளத்தில் அடி தட்டாது, தண்ணீரில் இறங்கலாம். கூடவே வளைவில் சாயும், பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும், தினம் ஆபீஸ் போய் வருகிறவனின் முதுகைப் பதம் பார்க்கும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஏரிக்கரைச் சேற்றில் வண்டியை இறக்கி ஏற்றி போட்டோ எடுப்போம். திங்கட்கிழமை அதே வண்டியில் மேடவாக்கம் சிக்னலில் நின்று கொட்டாவி விடுவோம். இந்த வீரத்துக்குத்தான் அத்தனை பேருக்கும் மூன்று இன்ச் தேவைப்பட்டது.

எத்தனை இன்ச் என்று முடிவு செய்ய பாய் ஒரு வழி வைத்திருந்தார். பிளைவுட் கடையில் கழித்துப்போட்ட பலகைகளை அரை இன்ச் கனத்தில் அறுத்து அடுக்கி வைத்திருப்பார். மூன்று இன்ச் வேண்டுமென்றால் ஜாக்கி போட்டு, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஆறாறு பலகை சொருகுவார். வண்டி அந்த உயரத்தில் நிற்கும். பிறகு அந்த வண்டியில் வழக்கமாகப் போகிறவர்கள் அத்தனை பேரும் அதில் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். பத்து என்றால் பத்து. அதனால்தான் முதல் தடவை போன் செய்யும்போதே சொல்லிவிடுவார்: "வண்டில யார் யார் போவீங்களோ எல்லாரையும் இட்டுகினு வா சார்."

குழுவில் இதைக் கிண்டல் செய்வோம். ஆனால் ஏழாவது தடவை இறங்கும்போது சில மனைவிமார் கணவனைப் பார்க்கும் பார்வையிலேயே மூன்று இன்ச் இரண்டாகக் குறைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன்.

நாவலூரில் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு மேனேஜர் வந்தார். நான்கு இன்ச் வேண்டும் என்றார். பாய் வண்டியைச் சுற்றி வந்தார், மேலே இருந்த கேரியரை அண்ணாந்து பார்த்தார்.

"உங்க பில்டிங் பேஸ்மென்ட்ல பூராது சார்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் பாய். நீங்க மாட்டுங்க."

பாய் மாட்டினார். அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. எந்த போல்ட்டையும் கையால் ஒருமுறை, ஸ்பானரால் ஒருமுறை, கடைசியில் டார்ச் அடித்து ஒருமுறை பார்ப்பார். போல்ட்டுக்கு மூன்று தடவை, மனுஷனுக்கு ஒரு தடவை. அன்று சாயங்காலமே அந்த மேனேஜரின் கேரியர் பேஸ்மென்ட் பீமில் மாட்டிக்கொண்டது. பின்னால் பத்துப் பதினைந்து கார்கள் ஹாரன் அடிக்க, டயரில் காற்றை இறக்கி வண்டியை வெளியே எடுத்தார்களாம். மறுநாள் காலை நசுங்கிய கேரியரோடு வந்து ஷெட் வாசலில் கத்தினார். நானாக இருந்தால் "நேத்தே சொன்னேனே" என்று ஆரம்பித்திருப்பேன். எங்கள் வீட்டில் எல்லோருமே அந்த ஜாதிதான். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "டீ சாப்டறீங்களா சார்?" என்றார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அன்று மதியம் அவரிடம் கேட்டேன். "இன்னொரு வாட்டி அழுத்திச் சொல்லியிருந்தா அந்த ஆள் கேட்டிருப்பாரில்ல பாய்?"

கையைத் துணியில் துடைத்தபடி யோசித்தார். "மொத வாட்டி சொன்னா அது சேதி சார். ரெண்டாவது வாட்டி சொன்னா சண்டை. அதுக்கும் மேல சொன்னா, இவன் இன்னாத்தையோ விக்கப் பாக்கறான்னு நெனைப்பாங்க."

அப்போது எனக்கு அது பெரிய மனுஷத்தனமாகத் தெரிந்தது. பின்னால் அதுவே எனக்குத் திமிராகத் தெரிந்தது. இப்போது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முடிச்சூர்ப் பக்கம் எங்கள் வீடு இருக்கும் இடம் முன்பு எங்கள் வயல். அப்பா அதை மனை போட்டு விற்றார், தாழ்வான மூலையை யாரும் வாங்கவில்லை, அதில் எங்களுக்கு வீடு கட்டினார். நல்ல மழை வருடத்தில் ஏரி நிரம்பினால் தண்ணீர் பழைய வழக்கத்தை மறக்காமல் வயலைத் தேடி வரும். அப்படி ஒரு டிசம்பரில் என் சின்ன கார் ஸ்டியரிங் வரைக்கும் மூழ்கியது. கார் போனது போகட்டும். அன்று அப்பாவை எதிர்வீட்டு மாடியில் ஏற்றி வைத்துவிட்டு ஒன்றரை நாள் பிஸ்கட்டும் தண்ணியுமாகக் கிடந்தோம். இனி இது நடக்கக்கூடாது, அப்பாவை ஏற்றிக்கொண்டு நேரே மெயின் ரோட்டுக்குப் போகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று சபதம் போட்டுத்தான் அந்த ஜீப் வகை வண்டியை வாங்கினேன். இதை நான் மறந்தேன் என்று சொல்லமாட்டேன். நினைவு இருந்தது. குழுவில் சேர்ந்தபிறகு அது பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்று இன்ச் என்று முடிவு செய்துகொண்டுதான் பாயிடம் போனேன். கூட என் மனைவி மட்டும். அப்பாவை அழைத்துப் போகவில்லை. அவருக்கு எழுபத்தெட்டு வயது, கனத்த உடம்பு, இரண்டு முட்டியும் போய்விட்டன. வண்டி வந்த உயரத்திலேயே, பக்கவாட்டுக் கால்படியில் ஒரு நிமிஷம் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கித்தான் ஏறுவார். அவரைப் பலகை மேல் நிற்கும் வண்டியில் ஏறச் சொன்னால் ஒரு தடவைகூட முடியாது. பாய் ஒன்றரை இன்ச் என்று சொல்லிவிடுவார். எனக்கு மூன்று வேண்டியிருந்தது. அதனால் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

என் மனைவி பத்துத் தடவை ஏறி இறங்கினாள். "கொஞ்சம் உயரம்தான். பழகிடும்" என்றாள். பிறகு எதிர்ப்பக்கம் பழவண்டிக்குப் போனாள். நான் பாயிடம், பக்கவாட்டில் இருக்கும் கால்படியையும் கழற்றிவிடச் சொன்னேன், சேற்றில் இறங்கும்போது அது இடிக்கிறது என்று. அவர் தரையில் உட்கார்ந்து ஸ்பிரிங்கில் இருந்த துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வூட்ல வயசானவங்க யாராச்சும் கீறாங்களா சார்?"

"அப்பா இருக்கார். அவர் எங்கயும் வர்றதில்ல பாய்."

"தண்ணிக்காவ தானே சார் தூக்கறே. தண்ணி வந்தா அவுரு தானே மொதல்ல ஏறணும்?"

தலையைத் தூக்காமல் சொன்னார். சாலையில் அவ்வளவு சத்தத்திலும் ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. கேட்கவில்லை, பஸ் போனது, போன் வந்தது என்றெல்லாம் நான் இன்றைக்குச் சொல்ல முடியாது.

"அப்ப பாத்துக்கலாம் பாய்."

"சரி சார்" என்றார். பழங்களோடு என் மனைவி திரும்பி வந்தபோது அவர் வண்டிக்கு அடியில் இருந்தார்.

வண்டியைத் தூக்கிய இரண்டாவது வருடம் மறுபடியும் தண்ணீர் வந்தது. விடிந்து எழுந்தபோது தெருவில் கணுக்கால், டிகாஷன் இறங்குவதற்குள் வாசலில் முட்டி. நான் பதறவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வண்டியை ஸ்டார்ட் செய்தேன். தண்ணீர் தரைப்பலகைக்கு ஒரு கை கீழேயே நின்றது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர், "சார், வண்டி செமயா நிக்குது சார்!" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

அப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நானும் மனைவியும் வண்டிக் கதவு வரை நடத்திக்கொண்டு வந்தோம். சீட் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கால் வைக்கப் படி இல்லை. கைப்பிடியை எட்டிப் பிடித்தார். வலது காலைத் தூக்கினார். அது தண்ணீரை விட்டு வெளியே வந்தது, அதற்கு மேல் போகவில்லை. நான் பின்னால் இருந்து தள்ளினேன். எண்பத்தைந்து கிலோவை ஈர வேட்டியோடு யார் தூக்க முடியும்?

"முடியலடா. நான் இங்கயே இருக்கேன். நீங்க போங்க."

"சும்மா இருப்பா. இதோ ஆச்சு."

உள்ளே போய் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் அழுத்தி வைத்தேன். அவர் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் வைத்து நிமிர்ந்தார். அந்த ஒரு நொடி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஸ்டூல் சறுக்கியது. வண்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் விழுந்தார். தண்ணீருக்குள் விழுந்தும் அந்தச் சத்தம் கேட்டது. இடுப்பு எலும்பு.

தெரு ஆட்கள் நான்கு பேர் கழற்றிய கதவு ஒன்றில் அவரைப் படுக்க வைத்து மெயின் ரோடு வரைக்கும் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். சபதம் போட்டு வாங்கிய என் வண்டி வாசலில் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு, வராண்டாவில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள்.

"எத்தனையோ வண்டி பாத்தவராச்சே அந்த பாய். வீட்ல பெரியவங்க இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலையா உங்களை?"

"இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது. ஆனால் அதன்பிறகு செய்ததையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன். அன்று மதியமே குழுவில் எழுதினேன்: வயதானவர்கள் இருக்கும் வீடு என்று தெரிந்தும் பாய் ஒரு எச்சரிக்கையும் செய்யாமல் மூன்று இன்ச் மாட்டிக் கொடுத்தார், என் அப்பா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நாற்பது பேரும் கைகூப்பும் பொம்மையாக அனுப்பினார்கள். பேஸ்மென்ட்டில் மாட்டிக்கொண்ட மேனேஜர், "எனக்கும் அவர் ஒண்ணும் சொல்லல" என்று எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆள் மேல் வந்த அருவருப்பு இருக்கிறதே! என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள எனக்கு இன்னும் சில மாதம் ஆனது.

அப்பா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். ஒருநாள் துடைத்துவிடும்போது என்னைப் பார்த்து, "வண்டி நல்ல வண்டிடா. எனக்குத்தான் கால் எட்டல" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவர் போய்விட்டார். அந்தக் குரல் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் என் மனைவி சொன்னாள்: "இந்த வண்டியை இறக்கிடுங்க. எனக்கு அதைப் பாக்கவே முடியல." வேறு கடைக்குப் போகலாம் என்றேன். "ஏத்தினவரே இறக்கட்டும். எனக்கு அவரை ஒரு கேள்வி கேக்கணும்" என்றாள். தடுத்திருக்கலாம். எதைச் சொல்லித் தடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை. முன்பெல்லாம் அந்த நாளில் ஷெட் வாசலில் ஐந்தாறு வண்டி நிற்கும். அன்று ஒரு மினி லாரி மட்டும், அதுவும் பஞ்சருக்காக. பாய் எழுந்து வந்தார். தாடி இன்னும் வெளுத்திருந்தது. நான் என்ன எழுதினேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. நாற்பது பேரில் ஒருத்தராவது காட்டியிருப்பார். "வாங்க சார், வாங்கம்மா" என்றார்.

என் மனைவி வண்டியிலிருந்து இறங்கவில்லை. கதவைத் திறந்து, அந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"என் மாமனார் போயிட்டார் பாய். இந்த வண்டியில ஏற முடியாமத்தான் விழுந்தார். நீங்க ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே? இவர் கேட்டிருப்பாரே?"

பாய் என்னைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சும்மா பார்த்தார், போல்ட்டை டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல. நான் வாயைத் திறக்க அவர் நேரம் கொடுத்தார் என்று இப்போது தெரிகிறது. நல்ல அளவு நேரம். ஒரு பஸ் வந்து, நின்று, ஆள் ஏறி, கிளம்பிப் போகிற நேரம். நான் பிளைவுட் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதாம்மா" என்றார் பாய். "நான் சொல்லிருக்கணும்."

அவ்வளவுதான். என் மனைவி அழ ஆரம்பித்தாள். அவர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

வண்டியை இறக்க என்னுடைய பழைய ஸ்பிரிங்குகள் வேண்டும். அவற்றை நான் அன்றைக்கே மறந்துவிட்டுப் போயிருந்தேன். பாய் பரணில் ஏறி ஒரு கோணிப்பையை எடுத்தார். நான்கு ஸ்பிரிங்கும் கிரீஸ் தடவி, பேப்பரில் சுற்றி இருந்தன. பேப்பர் மேல் சாக்பீஸில் என் வண்டி நம்பர். அடியில் அந்தக் கால்படிகள் இரண்டும் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. இரண்டரை வருடமாக அவர் இதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இரண்டாவது தடவை சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது. எல்லாம் மாட்டி முடித்து ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை பார்த்தார். போகும்போது நான் "வரேன் பாய்" என்றேன். "சரி சார்" என்றார்.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. என் மனைவி எதிரில், "உன் வூட்டுக்காரருகிட்ட சொன்னேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும். அசிங்கப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன், வீட்டில் நாலு நாள் பேச்சு இருந்திருக்காது, பிறகு மனுஷனாக இருந்திருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை. சொல்லவேண்டியவன் பக்கத்தில் நிற்கும்போது நாம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. பெருந்தன்மையோ, அலட்சியமோ, எனக்குக் கொடுத்த தண்டனையோ, எதுவாக இருந்தாலும் அவருக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை. அடுத்த வருடம் ஷெட் காலியானது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போவதாக பிளைவுட் கடைக்காரர் சொன்னார். இப்போது அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது நாங்கள் அந்த வழியாகப் போகிறோம். அந்த இடம் வந்ததும் என் மனைவி தவறாமல் ஜன்னல் பக்கம் திரும்புவாள்.

"என்ன இருந்தாலும் நல்ல மனுஷன்தாங்க. செஞ்ச தப்பை மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டார் பாருங்க. அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?"

நான் கியரை மாற்றுகிறேன். அவர் ஒரு தடவைதான் சொன்னார். நான் அந்த ஒரு தடவைகூட இன்னும் சொல்லவில்லை.